நீலச் சட்டை கிடைத்துவிட்டது

தம்பி,

நீ ஓட்டப் பயிற்சி முடிந்து வருவதற்குள் நான் வேலைக்குக் கிளம்பிவிடுவேன். சோறு அடுப்பின்மேல் இருக்கிறது. சாவியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டுப் பள்ளிக்குப் போ.

மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போட உன் பையைத் திறந்தேன். உள்ளே என் நீலச் சட்டை! "எனக்கென்ன தெரியும்?" என்று நேற்று என்னிடம் எகிறினாயே, அதே சட்டை.

அதற்கடியில் பள்ளிச் செய்தி இதழ். கணிதப் போட்டியில் முதலிடம், தொடர் ஓட்டத்தில் இரண்டாமிடம் என்று படித்துக்கொண்டே போனால், பள்ளி நாடகப் புகைப்படத்தில் என் சட்டையைப் போட்டுக்கொண்டு நீ நிற்கிறாய். பையன்கள் பள்ளியில் அக்கா வேடத்தையும் பையன்தான் போட வேண்டும், சரி. படத்துக்குக் கீழே எழுதியிருக்கிறது: "யாரப் பாத்துடா இப்படித் திட்டக் கத்துக்கிட்ட?" என்று ஆசிரியர் கேட்டாராம். "எங்க வீட்டுக்கு ஒரு நாள் வாங்க சார்" என்றாயாம். எல்லோரும் சிரித்தார்களாம்.

என்னைத்தான் கூப்பிடவில்லை. நான் பட்டம் வாங்கிய அன்று நம் வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை. மேடையிலிருந்து கூட்டத்தில் தேடிப் பார்த்துவிட்டு இறங்கினேன். நீயும் தேடினாயா? இல்லை, நான் வந்துவிடுவேனோ என்று பயந்தாயா? அதை மட்டும் சொல்.

வேதியியல் படு மோசம். இருந்தாலும் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

அக்கா

வெள்ளிக்கிழமை பெற்றோருக்காக மறுபடியும் நாடகமாம். நம் வீட்டில் அந்த இடத்தில் நான்தானே இருக்கிறேன்?

சட்டையில் ஒரு பட்டன் தொங்கியது, தைத்துவிட்டேன். அதையே போட்டுக்கொள். நான் வேறு சட்டையில் வந்து, கடைசி வரிசையில் வாயைத் திறக்காமல் உட்காருகிறேன்.