பதினாலை மட்டும் கேட்டேன்

கார்த்திகை 9, சனி

தூக்கம் வரவில்லை. மழைக்காலம் என்று காருக்குப் புது டயர் போட அப்பா கடைக்குப் போயிருந்தார். மதியம் போன் செய்தார். "165 இல்லியாம்டா. 185தான் இருக்காம், பட்டையா இருந்தா மழைக்கு நல்லாப் புடிக்கும்ன்றாங்க. ஒன்னக் கேட்டுக்கச் சொல்றாரு கடைக்காரரு. போடலாமா?"

வேலை அவசரத்தில், "ரிம் பதினாலு இஞ்சுதானே, போடுங்க" என்று வைத்துவிட்டேன்.

சாயங்காலம் பார்த்தால் 185/80. டயரின் அகலம் 185 மில்லிமீட்டர், அதில் எண்பது சதவீதம் பக்கவாட்டு உயரம் என்று அர்த்தம். அகலம் கூடினால் உயரமும் கூடும். ஆட்டோமொபைல் படித்தவன், இதைப் போனிலேயே சொல்லியிருக்க வேண்டும். எல்லோரையும் ஏற்றி ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தேன். முன்டயர் உள்ளே பாடியில் உரசியது.

நாளை அக்காவையும் கைக்குழந்தையையும் வெள்ளிமலையில் விட அப்பா இதில்தான் மலையேறுகிறார். வழியெல்லாம் வளைவு.

"கழட்டிடலாம்" என்றேன்.

"எலுமிச்சங்கா நசுக்கி, கற்பூரம் காட்டியாச்சு. இப்பப் போயி கழட்டுன்ற!" என்றாள் அம்மா.

"இன்ஜினியருக்கு போன்ல ஒரு பேச்சு, வூட்ல ஒரு பேச்சா?" அப்பா சிரித்தார்.

"கடைக்காரன் ஏமாத்திட்டான்பா" என்றேன். பொய். என்னைக் கேட்கச் சொன்னதே கடைக்காரர்தான்.

"அவரு அப்பிடிலாம் செய்ய மாட்டாரு" என்று அப்பா படுக்கப் போய்விட்டார்.

முதல் பஸ் ஆறரைக்கு. அக்காவையும் குழந்தையையும் அதில் அனுப்பிவிடலாம். கார் சாவி என் தலையணைக்கு அடியில் இருக்கிறது. ஐந்து மணிக்கு அப்பா அதைத் தேடுவார். தப்பு என்னுடையது என்று அக்கா முன்னால் ஒப்புக்கொள்ளாமல், சாவியைத் தர மாட்டேன் என்று எப்படிச் சொல்ல முடியும்?