பதில் வராத கரையிலிருந்து

என் உயிரில் பாதியாய் இருந்த அண்ணன் ஞானமுத்து அவர்களுக்கு,

நாளை ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்ததும் உங்கள் மகள் ரெபெக்காள் உங்கள் படகை ஏரியில் இறக்கப்போகிறாள். சென்ற ஐப்பசியில் அந்த ஏரி உங்களைக் கொண்டுபோன பிறகு, அந்தப் படகு வெளியாட்களை ஏற்றுவது இதுவே முதல்முறை. படகும் கரையும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள எந்தக் கருவி ஏற்றது என்று தீர்மானிக்கும் பொறுப்பு மறுபடியும் என்னிடமே வந்திருக்கிறது. இக்கடிதத்தைப் பத்திரிகைக்கும் அனுப்புகிறேன். உல்லாசமாகப் படகு விடும் மற்றவர்களும் படிக்கட்டும்.

முதல்முறை தீர்மானித்தவளும் நானே. படகுக்கு ஒரு பித்தளைக் கொம்பை வாங்கி வந்தீர்கள். கரைக்கும் அதுபோல ஒன்று வேண்டும் என்றீர்கள். நான் மறுத்தேன். “வாரம் முழுவதும் தோல் பதனிடும் கிடங்கில் கூச்சல், ஞாயிறன்றுமா? கரைக்கு முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று போதும். வெயிலைப் பிடித்துக் காட்டினால் ஏரி முழுவதும் தெரியும்” என்றேன். பொட்டலக் காகிதங்களில் நானே எழுத்துக்கூட்டிக் கற்றவள். எங்கோ படித்த ஒன்றைக் காரியத்தில் காட்டிவிட வேண்டும் என்ற பெருமிதம் எனக்கு.

நீங்கள் சிரித்தீர்கள். “பண்டிதரம்மா தீர்ப்பு சொல்லிட்டா, அப்பீலு ஏது?”

கொம்பை இருமுறை ஊதினால் ‘மேலே போகலாமா?’ என்று கேள்வி. கண்ணாடி ஒருமுறை மின்னினால் ‘போகலாம்’. விடாமல் மின்னினால் ‘திரும்பிவிடு’. ஒன்றுமே மின்னாவிட்டால்? அதைப்பற்றி நாம் பேசவே இல்லையே, அண்ணா! எத்தனை நாள் உட்கார்ந்து திட்டமிட்டோம்! எப்படி விட்டோம்?

அன்று ஏரி நிரம்பி, உபரிநீர் வழிந்தோடும் கோடிப் பக்கம் இழுப்பு கடுமையாக இருந்தது. கரைமேல் நின்ற எனக்கு அது தெரிந்தது; நீர்மட்டத்தில் இருந்த உங்களுக்குத் தெரியவில்லை. நீங்கள் இருமுறை ஊதினீர்கள். நான் கண்ணாடியைத் தூக்கினேன். சூரியனை மேகம் மூடியிருந்தது. தூக்கிய கை தூக்கியபடியே, தொண்டை கிழியக் கத்தினேன். எதிர்க்காற்று என் குரலை எனக்கே திருப்பிக் கொடுத்தது.

படகு அந்த இழுப்பில் கவிழ்ந்ததும், உங்களோடு வந்த குடியாத்தம் நெசவாளர் இருவரையும் தண்ணீரில் நின்ற கருவேல மரக்கிளையில் ஏற்றிவிட்டுத்தானே நீங்கள் போனீர்கள்? அவர்களில் மூத்தவர் அடக்கத்தன்று என்னிடம் வந்து சொன்னார்: “ரெண்டு தபா ஊதினாரும்மா. கரையப் பாத்தாரு. ‘பதிலு ஒண்ணும் வர்ல, அப்ப வழி சும்மாதான் கீது, போலாம்’னாரு.”

அவர் அதைப் புரியாமல் சொன்னார். எனக்குப் புரிந்தது. இருபது வருடம் கிடங்கில், மரப்பட்டைச் சாற்றில் தோல் ஊறும் பட்டைத் தொட்டிகளுக்கு மேலே நின்றவர் நீங்கள். ஈரத்தோலைத் தள்ளுமுன் “விடட்டா?” என்று ஒருமுறை கேட்பீர்கள். தொட்டிக்குள் ஆள் இருந்தால் குரல் வரும். வராவிட்டால் தொட்டி காலி, தள்ளலாம். பதில் இல்லையென்றால் வேலை நடக்கும் என்பது உங்கள் உடம்பில் ஊறிய கணக்கு. அதே கணக்கோடு ஏரியிலும் துடுப்பைப் போட்டீர்கள். அதை நான் அறிந்திருக்க வேண்டாமா? உங்களுக்குச் சோறு கட்டிக்கொடுத்த நான்?

படகை விற்றுவிடலாம் என்று ரெபெக்காளிடம் மன்றாடினேன். “இந்த ஊர்ல தோல் நாத்தம் இல்லாத ஒரே எடம் அந்த ஏரி நடுவுதான் அத்தே. அதுக்குத்தானே அப்பா படகே செஞ்சாரு? அதையும் வித்துட்டு இன்னா பண்றது?” என்றாள். உங்கள் பிடிவாதம் அப்படியே இருக்கிறது.

ஆகவே சென்ற வாரம் இரயிலேறி வேலூருக்குப் போனேன். ரேடியோ விற்கும் கடையில் ஒரு பெட்டி பாடிக்கொண்டிருந்தது. “ஐயா, படகிலிருந்து கரைக்கும் கரையிலிருந்து படகுக்கும் உரையாடத்தக்க கருவி தங்களிடம் உண்டா?” என்று கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“இது கேக்கத்தாம்மா. பேசாது.”

“பேசக்கூடியது?”

“பேசறது கப்பல்ல கீது. அத்த பேட்டரியோட தூக்கி வெச்சீங்கன்னா, உங்க படகு பேசறதுக்கு முன்னாடி முழுகிடும்.”

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர்களுக்கு எப்படித் தெரியும்? நான் தெருவில் இறங்கி அழுதேன்.

கடைசியில், ஓராண்டு தாமதமாக, கரைக்கும் ஒரு கொம்பு வாங்கினேன். உங்களுடையதைவிடக் கனத்த ஓசை. இன்று மாலை ஒத்திகை பார்த்தோம். ரெபெக்காள் ஏரி நடுவில் நின்று இருமுறை ஊதினாள். எனக்குத் தெளிவாகக் கேட்டது. நான் நெஞ்சு வெடிக்க ஊதினேன். அதே எதிர்க்காற்று! அவள் தலை திரும்பவில்லை. மறுபடி ஊதினேன். அவள் துடுப்பை எடுத்தாள். அண்ணா, நான் கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

படகின் முனை கரைப் பக்கம் திரும்பியது. நேரே வந்து என் எதிரில் இறங்கினாள்.

“பதிலு வர்ல. வந்துட்டேன்” என்றாள். “இன்னா அத்தே, பேயப் பாத்த மாதிரி உக்காந்துக்கினு கீற?”

பதில் வராவிட்டால் திரும்பிவிட வேண்டும் என்று அந்தப் பெண்ணுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. உங்களை இழந்த துக்கத்தில் தானே கண்டுகொண்டாள். கொம்பும் கண்ணாடியும் தோற்கும். தோற்கும்போது என்ன செய்வது என்று முன்கூட்டியே முடிவு செய்யாமல் எந்தக் கருவியை எடுத்துப் போனாலும் வீண். இதைத்தான் நான் உங்களுக்குச் சொல்லத் தவறினேன்.

என்னை மன்னித்தீர்களா, அண்ணா? ஓராண்டாகத் தினமும் கேட்கிறேன். கிடங்கின் வழக்கப்படி பார்த்தால், பதில் வராததால் மன்னித்துவிட்டீர்கள் என்று எண்ணி மேலே போகலாம். அப்படிப் போக மாட்டேன். நாளையும், படகு இறங்கும் ஒவ்வொரு ஞாயிறும், உங்கள் மகள் கரையேறும்வரை கொம்பைக் கையிலேந்திக் கரையில் நிற்பேன். இது சத்தியம்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
உங்கள் உடன்பிறந்தாள்,
அன்னம்மாள்