ஜப்பான் பணியாரம்

ரோலா, ஷார்ஜா
திங்கட்கிழமை

அன்புள்ள வடிவுக்கு,

ரெங்கராஜ் எழுதிக்கொள்வது. நான் இங்கே நலம். நீயும் பானுவும் மாமாவும் அத்தையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும்.

கையில் ஃபோன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். ஃபோனில் நீ அழத் தொடங்கினால் நான் கத்திவிடுகிறேன். பிறகு இரண்டு பேருமே வைத்துவிடுகிறோம். அறையில் எல்லோரும் படுத்திருக்கும்போது மனதில் உள்ளதைப் பேசவும் முடிவதில்லை. என் பக்கத்துக் கட்டில் லுக்மான் பாய் லீவில் பரமக்குடி வருகிறார். அவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பானுவுக்கு கலர் பென்சிலும் உன் முட்டிவலிக்குத் தைலமும் அதே பையில் இருக்கின்றன. தைலத்தைத் தேய்த்துவிட்டு உடனே தண்ணீரில் நிற்காதே.

அந்த வீடியோவைப் பற்றித்தான் எழுத வேண்டும். நான் தலையில் சிவப்புத் துணி கட்டிக்கொண்டு, ஏப்ரன் போட்டுக்கொண்டு சிரிக்கிறேனே, அதுதான். எடுத்தவர் சென்னைக்காரப் பெண், குடும்பத்தோடு துபாயில் இருப்பவர். நான் தமிழ் என்று தெரிந்ததும் சந்தோஷப்பட்டு, "நம்ம ஊர் அண்ணன் ஜப்பான் பணியாரம் சுடுறாரு பாருங்க" என்று சொல்லிக்கொண்டே எடுத்தார். அது ஊர் முழுக்கச் சுற்றும் என்று அவருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. "கம்பி கட்டுன கை இப்ப பலகாரம் சுடுதாக்கும்" என்று மாமா சொன்னதை நீ சொன்னாய். சொல்லட்டும். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று நீயும் தெரிந்துகொள். தாகோயாகி என்பது அதன் பெயர். ஜப்பானில் தெருவுக்குத் தெரு விற்பார்களாம். கல் நம் பணியாரக் கல் மாதிரியேதான், குழிகள்தான் அதிகம். மாவு வேறு. அரைப்பது, புளிக்க வைப்பது எதுவும் கிடையாது. கோதுமை மாவில் முட்டை உடைத்து ஊற்றி, காய்ந்த மீனும் கடல்பாசியும் போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீரில் கரைக்க வேண்டும். தோசை மாவைவிட நீர்க்க இருக்கும். முதல் நாள் பார்த்தபோது இது எங்கே உருண்டையாகப் போகிறது என்றுதான் நினைத்தேன்.

கல் நன்றாகக் காய்ந்ததும் எண்ணெய் தடவி, குழி நிறைந்து கல்லெல்லாம் வழியும்படி மாவை ஊற்றுவோம். ஒவ்வொரு குழியிலும் வேக வைத்த பேய்க்கணவாய், அந்த எட்டுக்கால் கடல் பிராணி, அதில் ஒரு துண்டு. மேலே வெங்காயத்தாள், ஊறிய இஞ்சி, பொரித்த மாவுத் தூள். அடி வெந்ததும் கூரான கம்பியால் குழியைச் சுற்றிக் கீறி, பாதி மட்டும் திருப்ப வேண்டும். உள்ளே வேகாத மாவு கீழே வழிந்து மீதி உருண்டையைச் செய்யும். வெளியே கிடக்கிற மாவையெல்லாம் உள்ளே தள்ளி மறுபடியும் திருப்ப வேண்டும். அவசரப்பட்டால் கிழிந்துவிடும், விட்டுவிட்டால் கருகிவிடும். வெளியே மொறுமொறுப்பாக இருக்கும், உள்ளே கூழ் மாதிரி கொதிக்கும். பிட்டுத்தான் தின்ன வேண்டும், இல்லாவிட்டால் நாக்கு வெந்துபோகும். கடைசியில் கறுப்பாக இனிப்பும் உப்பும் கலந்த சாஸ், மயோனைஸ், அதற்கு மேல் காகிதம் போலச் சீவிய காய்ந்த மீன். சூட்டில் அந்த மீன் சீவல் நெளியும்.

எனக்குக் கற்றுக்கொடுத்தது சித்தி மரியம். நம் ஊர் சித்தி இல்லை, அந்தப் பெண்ணின் பெயரே அதுதான். இந்தோனேசியா. உன் வயதுதான் இருக்கும். அவளுக்கு இந்தி அரைகுறை, எனக்கு இங்கிலீஷ் அரைகுறை. "பாய், நோ ஜல்தி, நோ ஜல்தி" என்பாள், அவசரப்படாதே என்று. அவளுடைய மகள் அங்கே பாட்டியிடம் வளர்கிறாள். கூட்டம் இல்லாத நேரத்தில் ஃபோனில் மகளைப் பார்த்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து நிற்பாள்.

நின்று நின்று கால் வீங்கிப்போகிறது. கையெல்லாம் எண்ணெய் தெறித்த பொட்டுகள். எவ்வளவு குளித்தாலும் மீன் வாடை போவதில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர் கொஞ்சம் தள்ளி உட்காருகிறார். வருகிறவர்களைப் பார்த்து ஜப்பான் மொழியில் வாங்க வாங்க என்று கத்த வேண்டும், சிரித்த முகமாக இருக்க வேண்டும் என்று மேனேஜர் சொல்கிறார். அலுத்துப்போய் வந்து படுத்தால் தூக்கத்திலும் கை திருப்பிக்கொண்டே இருக்கிறது.

ஆனால் வடிவு, வீடியோவில் இருக்கிற சிரிப்பு மேனேஜருக்காகச் சிரித்தது இல்லை. அந்தச் சென்னைக்காரப் பெண்ணின் மகள் சின்னப் பிள்ளை. தட்டில் மீன் சீவல் நெளிவதைப் பார்த்துப் பயந்து, "அங்கிள், இட்ஸ் அலைவ்! இது உயிரோட இருக்கு!" என்று கத்திவிட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மணிகண்டன் போனபிறகு நான் சிரித்தது அதுதான் முதல் தடவை. அது வீடியோவில் விழுந்து, புருஷனைப் பறிகொடுத்து நிற்கிற கனகா கண்ணிலும் பட்டுவிட்டது.

"அண்ணனால சிரிக்க முடியுதா" என்று கனகா உன்னிடம் கேட்டதைச் சொன்னாய். அன்று நான் ஃபோனை வைத்ததற்கு அதுதான் காரணம். உன்மேல் கோபம் இல்லை.

அன்றைக்கு நடந்ததை உன்னிடமும் நான் முழுதாகச் சொன்னதில்லை. கேட்டால் கம்பெனிக்காரர்கள் சொன்னதையே சொல்லிவிட்டு விட்டுவிடுவேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் மணிகண்டனும் நானும் கட்டடத்தின் மேல் தளத்தில் கம்பி கட்டிக்கொண்டிருந்தோம். நான் அவனுக்கு முதுகைக் காட்டிக் குனிந்திருந்தேன். "ஏ ரெங்கா" என்று கூப்பிட்டான். கட்டுக் கம்பியை முறுக்கி முடித்துவிட்டுத் திரும்பினேன். ஆள் இல்லை. அவன் நின்ற சாரப் பலகை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. கீழே சத்தம் கேட்ட பிறகுதான் எனக்குப் புரிந்தது.

அதன்பிறகு மூடி வைத்திருந்த சைட்டை மறுபடி திறந்ததும் ஏறச் சொன்னார்கள். ஏணியில் கொஞ்சம் ஏறினேன், அதற்கு மேல் கை கம்பியை விடவே இல்லை. ஃபோர்மேன் கீழே இருந்து சீக்கிரம் ஏறச் சொல்லி "யல்லா, யல்லா" என்று கத்துகிறான், பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள். கை நடுங்குகிறது, ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. இரண்டு பேர் பிடித்து இறக்கினார்கள். மறுநாளும் அப்படியேதான். கலாஸ், இவன் கதை முடிந்தது, டிக்கெட் போட்டு ஊருக்கு அனுப்பிவிடுங்கள் என்றார்கள். எஞ்சினியர் ஸ்ரீகாந்த் சார்தான், "இவர் வேலைக்காரர், தரையில நிக்கிற வேலை எதாவது குடுங்க" என்று ஆபீசில் பேசினார். எங்கள் கம்பெனி முதலாளிக்கே இந்தக் கடையும் இருந்ததால் இங்கே மாற்றினார்கள். முதலில் பாத்திரம் கழுவினேன். அப்புறம் கல்லுக்கு வந்தேன். கல்லுக்கு முன்னால் நின்றால் கை நடுங்குவதில்லை. ஏனென்று எனக்குத் தெரியவில்லை. நடுங்குவதில்லை, அவ்வளவுதான்.

உன் தம்பி ஐயப்பன் சவூதியில் தம்மாமில் இருந்து பேசினான். "மச்சான், பொம்பளையாள் வேலையெல்லாம் எதுக்கு, நம்ம கம்பி கட்டுற செட்டுலயே ஆள் கேக்குறாக, விசாவுக்குச் சொல்லவா" என்றான். அன்பாகத்தான் கேட்டான். அவன்மேல் எனக்கு வருத்தம் இல்லை. நான் ஒன்றும் பதில் சொல்லாததால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருப்பான். நீ அவனிடம் சொல்லிவிடு. மச்சானால் இனிமேல் மேலே ஏற முடியாது என்று சொல். மாமா முன்னாலேயே சொல். ஊர் சிரித்தாலும் பரவாயில்லை. பானு வளர்ந்து கேட்டால் நானே அவளிடம் சொல்லிக்கொள்கிறேன்.

வெயில் காலம் வந்தால் இந்தக் கடையை ஒரு மாலுக்குள் மாற்றுவார்களாம். அதற்கு முன்னால் சித்தி மரியம் ஊருக்குப் போய் வருகிறாள். அவள் திரும்பி வந்ததும் எனக்கு லீவு தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வந்ததும் முதலில் கனகா வீட்டுக்குத்தான் போவேன். நீ கூட வர வேண்டாம்.

மணிகண்டன் கடைசியாக என்ன சொன்னான் என்று கனகா கேட்டுக்கொண்டே இருப்பதாகச் சொன்னாய். என் பேரைச் சொன்னான். விழும்போது பிடிக்கச் சொல்லிக் கூப்பிட்டானா, இல்லை சாப்பிடப் போகலாம் என்று சொல்ல வந்தானா, எனக்குத் தெரியாது. தினமும் ஒவ்வொரு மாதிரி தோன்றுகிறது. கனகாவுக்கு ஆறுதலாக எதையாவது கட்டிச் சொல்லலாம் என்று லுக்மான் பாய் சொன்னார். பிள்ளைகளை நினைத்துக்கொண்டான், கனகாவைக் கேட்டான், அப்படி ஏதாவது. யோசித்துப் பார்த்தேன். என்னால் முடியாது. அவன் கூப்பிட்டது ஒரு வார்த்தை. அதையும் நான் மாற்றிச் சொன்னால் அவன் குரல் எனக்கே மறந்துபோகும்.

நான் வரும்வரைக்கும் நீ ஒன்று செய்ய வேண்டும், வடிவு. கனகா என்னை என்ன சொன்னாலும் எதிர்த்துப் பேசாதே. "அவுக என்ன பண்ணுவாக பாவம்" என்று என் பக்கம் பேசாதே. கம்பெனிக்காரன் முகம் அதற்குத் தெரியாது, பலகை போட்டவன் யாரென்று தெரியாது, செத்தவனைத் திட்டவும் மனசு வராது. அந்தப் பிள்ளைக்குத் திட்டுவதற்கு ஒரு ஆள் வேண்டும். அது நானாகவே இருந்துவிட்டுப் போகிறேன். திட்டி முடிந்ததும் ஒரு வாய் சாப்பிட வைத்துவிட்டு வா.

உடம்பைப் பார்த்துக்கொள். பானுவுக்கு நான் முத்தம் கொடுத்ததாகச் சொல்.

உன்
ரெங்கராஜ்