நிறுத்தத்தில் நீ நின்றது

கோபக்காரிக்கு,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். உப்பு போட்டேனா என்று நினைவில்லை, பார்த்துக்கொள். பத்து மணிக்கு உன் தம்பி வருவான். ஸ்கூட்டர் சாவியைக் கொடுத்துவிடு, வண்டியை அவனே வைத்துக்கொள்ளட்டும்.

நேற்று நிறுத்தத்தில் நீ கை காட்டியும் பஸ்ஸை நிறுத்தாமல் போனேன். "கட்டுன பொண்டாட்டி நிக்கிறதுகூடவா கண்ணுக்குத் தெரியல?" என்று கேட்டாய். அதோடு என்னிடம் பேசுவதையும் நிறுத்திவிட்டாய். உண்மையிலேயே தெரியவில்லை. நீ நின்ற இடத்தில் ஒரு சாம்பல் கறைதான் இருந்தது. நீ ரோட்டில் இறங்கியிருந்தால்?

கண்ணின் நடுப்பகுதி கெட்டுவிட்டது என்று போன மாதமே டாக்டர் சொன்னார். "வயசும் காரணம். இத்தன வருஷ வெயிலும் சேர்ந்திருக்கலாம்" என்றார். இருபத்தாறு வருடமாகச் சாயங்கால ட்ரிப்பில் சூரியன் எனக்கு நேர் எதிரே. நீ வாங்கித் தந்த கறுப்புக் கண்ணாடியை, "நான் என்ன ஹீரோவா?" என்று சிரித்துவிட்டு பீரோவில் போட்டேன். அதில் விலைச்சீட்டுகூட அப்படியே இருக்கிறது. மகளிடம் கொடு. போட மாட்டேன் என்றால் என்னைக் காட்டு.

தெரிந்தும் ஒரு மாதம் ஓட்டினேனே, அதற்கு மன்னிப்பே கிடையாது. டிப்போவில் வேலையை விடுவதாக எழுதிக் கொடுக்கப் போகிறேன். நடந்துதான் போகிறேன்.

வரி மேல் வரி ஏறியிருந்தால் நிதானமாகப் படி.

இன்னொன்று. காலையில் நீ தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நேராகப் பார்த்தால் உன் முகம் இல்லை. சுவரைப் பார்த்தால்தான் ஓரத்தில் கொஞ்சம் தெரிகிறாய். இனி நீ பேசும்போது நான் சுவரைப் பார்த்தால், கோபம் என்று நினைத்துவிடாதே.