இருபது ராத்தல் இழுவை

அரூர், 1943 மார்ச் 4

பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வந்தால் வாசலெல்லாம் புகை. என் வீட்டுக்காரர், தான் பிரித்துப் பூட்டிய மோட்டார் சைக்கிளின் பின் சக்கரத்தை இரும்பு உருளைமேல் ஏற்றி ஓட்டிக்கொண்டிருக்கிறார். உருளையை ஒரு பெல்ட் இறுக்கிப் பிடிக்கிறது. இஞ்சின் எவ்வளவு இழுக்கிறது என்று, புளி நிறுக்கும் வில்தராசு காட்டுமாம். பன்னிரண்டாம் தேதி பட்டாளத்து அதிகாரி சோதிக்க வருகிறார். இருபது ராத்தல் தாண்டினால் இவருக்குப் பட்டாளத்தில் மெக்கானிக் வேலை, கப்பலேற்றிவிடுவார்கள். பஸ் முதலாளி சவுரியப்பன் இவரைக் கேட்காமலேயே வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

மார்ச் 6

நேற்று இருபத்திரண்டு. இன்று அதே இஞ்சின் பதினெட்டு. மனுஷன் சோறு தின்னவில்லை. கடைசியில் பார்த்தால் டயரில் காற்று குறைவு.

"காத்து கம்மியானா டயரு உருளையில அமுங்கி, பலத்தையெல்லாம் அதுவே தின்னுடும் புள்ளே. பல்லு வச்ச மலை டயரு இன்னும் மோசம். தேஞ்ச வழவழ டயரு, கல்லாட்டம் காத்து, அதான் சரி."

இதை ஏன் என்னிடம் சொன்னார்?

மார்ச் 9

"போகத்தான் வேணுங்களா?" என்றேன். "கப்பல்ல போறதுன்னா சும்மாவா?" என்று மீசையைத் தடவுகிறார். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. எங்கள் தெருவிலிருந்து பட்டாளத்துக்குப் போன பச்சியப்பனைப் பற்றி ஒரு வருஷமாகத் தகவலே இல்லை. அது இவருக்குத் தெரியாதா?

மார்ச் 10

தூக்கம் இல்லை.

மார்ச் 11

கரும்பலகையில் கூட்டல் தப்பு. பிள்ளைகள் சிரித்தார்கள்.

டயர் வால்வைக் கொஞ்சம் அழுத்திக் காற்றை இறக்கினால் போதும். ஆனால் இவர் தொட்ட இஞ்சின் ஓடாமல் இருக்காது என்று ஊரே சொல்கிறது. நாலு பேர் முன்னால் தலைகுனிய வைக்கவா — வைக்கிறேன். உசுரோடு இருந்து தலை குனியட்டும். நாளைக் காலை, இவர் குளிக்கப் போகும்போது.

மார்ச் 12

போனேன். சக்கரத்தில் கை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். வழவழ டயரைக் காணோம். மலை டயர் மாட்டியிருந்தது. கட்டைவிரலால் அழுத்தினேன்; அமுங்கியது. இவரைத் தவிர அதை யார் மாற்றியிருக்க முடியும்? எனக்கு அங்கே வேலையே இல்லை.

பதினைந்து ராத்தல். அதிகாரி உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போய்விட்டார். "என் மானத்த வாங்கிட்டியேடா மாயவா!" என்று முதலாளி இவரைப் பார்த்துக் கத்தினார். "இஞ்சினு பழசுங்க" என்று இவர் தலையைச் சொறிந்தார். கதவுக்குப் பின்னால் நின்று அழுதேன். முதலாளி அதை வேறு விதமாக நினைத்துக்கொண்டு, எனக்கும் ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

மார்ச் 16

இன்று வழவழ டயரை மறுபடியும் மாட்டி, காற்றடித்து ஓட்டினார். முள் இருபத்திரண்டைத் தாண்டியது. நான் பார்த்துவிட்டேனா என்று சட்டென்று திரும்பினார்.

"காத்து சரியா இருக்குதுங்களா?" என்று கேட்டேன்.

முகத்தைத் துடைக்கிற சாக்கில் துண்டால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. வெகு நேரம் துண்டை எடுக்கவில்லை.