செதிலரிடம் விடைபெறுதல்

முன்பனி, 4ஆம் நாள்
தையற்கூடம்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். அக்கா என்று ஒருத்தி இருப்பது உனக்கு நினைவிருந்தால் மேலே படி. பதினோரு மாதத்தில் மூன்று கடிதம் போட்டிருக்கிறாய். அதில் ஒன்று மழையில் நனைந்து பாதிக்கு மேல் மை ஊறிப்போய்விட்டது.

இங்கே விசேஷம் ஒன்றுமில்லை. தையற்கூடத்தில் இப்போது எல்லைக் காவலர்களுக்கான மேலங்கி மட்டும்தான். செதிலரின் ஈட்டி துளைக்காமல் இருக்க மூன்று மடிப்புத் தோல் வைத்துத் தைக்கிறோம். நாளுக்கு நாலு ஊசி உடைகிறது, கூடவே என் விரலும். மேற்பார்வைக்காரி, "ஊசிய பாத்து குத்துங்கம்மா" என்கிறாள். அந்தத் தோலை ஒரு தரம் அவள் குத்திப் பார்க்கட்டும். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அடுப்பு பற்றவைக்கக்கூடத் தெம்பில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். உன் மாமாவுக்கு ஆணை வந்துவிட்டது. படகோட்டிகள் எல்லோரையும் எல்லைக்கு எடுக்கிறார்களாம். அடுத்த வாரம் கிளம்புகிறார், உன் கோட்டைத் துறைக்குத்தான். அவருக்கு ஆற்றைத் தெரியும், வேறு ஒன்றும் தெரியாது. யாராவது சிரித்துப் பேசினால் கூடவே போய்விடுவார். நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும். அவரை முழுசாகத் திருப்பி அனுப்பு. எனக்கு வேறெதுவும் வேண்டாம்.

இன்னொன்று, மனசில் வைத்துக்கொண்டே இருக்க முடியவில்லை. "சிறைச்சாலை எழுத்தர் வேலையே போதும், அந்தப் பல்லிமூஞ்சிங்க பாஷை தெரிஞ்சிடுச்சுன்னு எல்லைக்குப் போவாதே" என்று அன்று நான் கத்தினேன், வாஸ்தவம்தான். அதற்காக வாசலில் நின்று "போறேன்" என்றா சொல்வாய்? "போயிட்டு வரேன்னு சொல்லுடா" என்று தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கூப்பாடு போட்டேன். நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் இத்தனை மாதமும் கொஞ்சம் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

கோபம் ஆறாத,
அக்கா


முன்பனி, 21ஆம் நாள்
எல்லைக் கோட்டை

அக்காவுக்கு,

மாமா வந்து சேர்ந்தார், முழுசாகவே. என் அறையிலேயே படுக்கை போட்டுக் கொடுத்திருக்கிறேன். அவர் குறட்டையை எப்படி இத்தனை வருஷம் பொறுத்துக்கொண்டாய்? சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் தினமும் ஒரே பாட்டு: "உப்பு பத்தல மச்சான்."

செதிலரைப் பற்றி நீ கேட்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். நம்மைவிட ஒரு முழம் உயரம். கண்ணுக்கு இமை கிடையாது. கோபம் வந்தால் தொண்டைப் பை சிவந்து ஊதும். அக்கரையில் பாறைப் பொந்துகளில் இருக்கிறார்கள், வீடு என்பதும் கதவு என்பதும் அவர்கள் அறியாதவை. வெயில் ஏறிப் பாறை சூடாகும்வரை அவர்களால் அசைய முடியாது. அதனால் காலைச் சாப்பாடு மட்டும் இங்கே எல்லோரும் பயமில்லாமல் சாப்பிடுகிறோம். போன கோடையில் கிணற்றடியில் தண்ணீர் எடுக்கப் போன பதினொரு பேரைக் கொன்றார்கள். நான் பார்த்தேன். அவர்களை நல்லவர்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதே.

ஆனால் எட்டு வருஷச் சண்டையில் அவர்களும் களைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. அவர்களுடைய தலைவி (ஒற்றைக்கண் என்று நாங்கள் கூப்பிடுகிறோம்) பேச ஆள் அனுப்பியிருக்கிறாள். சமாதானம் ஆனால் முதலில் விடுவிக்கப்படுவது படகோட்டிகள். தளபதி வாக்குக் கொடுத்திருக்கிறார். அந்தப் பேச்சு என் வாயை நம்பித்தான் நடக்கப்போகிறது. எனக்குப் பாஷை சொல்லிக்கொடுத்தது மூன்று வருஷம் சிறைக்குள்ளேயே கிடந்த ஒரு செதிலன். அது போதுமா என்று சில சமயம் பயமாக இருக்கிறது.

அன்று "போறேன்" என்று சொன்னது தப்புதான் அக்கா. ஆற்றைத் தாண்டுவதற்குள்ளேயே தெரிந்துவிட்டது. இப்போதெல்லாம் கிணற்றடிக்குப் போனால்கூடப் "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் நகர்கிறேன். காவலர்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

போயிட்டு வரேன்,
தம்பி


பின்பனி, 6ஆம் நாள்
எல்லைக் கோட்டை

அக்கா, அக்கா,

முடிந்துவிட்டது! நேற்று உச்சி வெயிலில், ஆற்று நடுவில் இருக்கும் மணல் திட்டில் உட்கார்ந்து பேசினோம். நாங்கள் ஐந்து பேர், அவர்கள் ஐந்து பேர். தொண்டை வறண்டு போகும் அளவுக்குப் பேசினேன். இருபது நாளில் மாமா உன்னிடம் இருப்பார்.

கிளம்பும்போது உன் ஞாபகம் வந்தது. இத்தனை பெரிய காரியத்தை முடித்துவிட்டு மொட்டையாக எழுந்து வரலாமா? மரியாதையாக, அவர்கள் பாஷையிலேயே "போயிட்டு வரோம்" என்று சொன்னேன். ஐந்து பேரும் சட்டென்று எழுந்து நின்றார்கள். ஒற்றைக்கண்ணுக்குத் தொண்டைப் பை லேசாகச் சிவந்தது. வெயிலாக இருக்கும். எழுந்து நின்று வழியனுப்புவார்கள் என்று எனக்கு இதுவரை தெரியாது.

ஒரு வாரம் தூங்க வேண்டும் போலிருக்கிறது.

தம்பி


பின்பனி, 17ஆம் நாள்
தையற்கூடம்

என் ராசா,

வாயில் சர்க்கரை போட வேண்டும் உனக்கு. மேற்பார்வைக்காரியிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அவளே அரை நாள் விடுப்புக் கொடுத்தாள். வீட்டைக் கழுவி, கூரை ஓட்டையை அடைக்க ஆள் சொல்லிவிட்டேன். மிச்சத் துணியில் அவருக்கு ஒரு சட்டை தைத்துக்கொண்டிருக்கிறேன். பட்டன் மட்டும் பாக்கி. நல்ல புத்தி வந்ததே உனக்கு, போகிற இடத்தில் சொல்லிக்கொண்டு கிளம்ப! அவரோடு நீயும் வந்துவிடு.

அக்கா


பின்பனி, 17ஆம் நாள்
எல்லைக் கோட்டை

அக்கா,

உட்கார்ந்துகொண்டு படி.

நான்கு நாள் முன்பு மதியம் துறையைத் தாக்கி எரித்தார்கள். ஏழு பேர் செத்துப்போனார்கள். மாமா அதில் இல்லை. அவரை உயிரோடு பிடித்துக்கொண்டு போனார்கள். அக்கரைப் பாறைமேல் கட்டி உட்காரவைத்திருப்பது கோட்டைச் சுவரிலிருந்து தெரிகிறது. இன்று மதியம்கூடப் பார்த்தேன், தலையை அசைத்தார்.

ஏன் இப்படிச் செய்தார்கள் என்று, அடிபட்டுக் கிடந்த செதிலன் ஒருவனிடம் கேட்டேன். "நீங்கதானே வரோம்னு சொன்னீங்க" என்றான். அவர்களிடம் "வருவோம்" என்று சொல்லிவிட்டுப் போகிறவன் ஆயுதத்தோடுதான் வருவானாம். படையெடுக்கிறோம் என்று அறிவிக்கும் சொல்லே அதுதானாம். சமாதானம் பேசியவர்கள் "போகிறோம்" என்று மட்டும் சொல்லி, திரும்பிப் பார்க்காமல் போக வேண்டுமாம். நாம் வருவதற்குள் அவர்கள் முந்திக்கொண்டார்கள்.

எனக்குப் பாஷை சொல்லிக்கொடுத்தவன் சிறைக்குள் இருந்தவன். அவன் எங்கே போனான், எங்கே வந்தான், இதெல்லாம் எனக்குத் தெரிவதற்கு? "வரேன்" என்பதற்கு என்ன சொல் என்று ஒரு நாள் நானாகத்தான் கேட்டேன். சொன்னான், சிரித்தான். ஏன் சிரிக்கிறாய் என்று கேட்காமல் விட்டேன்.

ஏழு பேர், அக்கா. என் வாயால். தளபதி படையோடு போகலாம் என்கிறார். படகு நகர்ந்தால் அடுத்த நொடி மாமாவைக் கொன்றுவிடுவார்கள். வெயில் ஏறுமுன் போகலாம் என்றால், இருட்டுவதற்குள் அவரை ஏதோ ஒரு பொந்துக்குள் கொண்டுபோய் அடைத்துவிடுகிறார்கள், எந்தப் பொந்து என்று இங்கிருந்து தெரிவதில்லை. நான் தனியாகப் போகிறேன் என்று மூன்று நாளாகக் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன்.

தம்பி


பின்பனி, 26ஆம் நாள்

தம்பி,

உன்னைத் திட்ட உட்கார்ந்தேன். நாலு தாள் கிழித்துப் போட்டுவிட்டேன். அந்தச் சொல்லைச் சொல்லச் சொன்னது நான். உன்னைத் திட்டினால் என்னையும் சேர்த்துத்தான் திட்ட வேண்டும். அதற்கு எனக்குத் தெம்பில்லை.

அவரைக் கூட்டிக்கொண்டு வா. எப்படி என்று நான் கேட்கவில்லை. நீயும் வா.

அக்கா


பின்பனி, 41ஆம் நாள்
மணல் திட்டு

அக்காவுக்கு,

இதை மாமா கொண்டு வந்து தருவார். படகில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார், அதனால் சீக்கிரம் எழுதுகிறேன்.

கடைசியில் தளபதி ஒரு படகு கொடுத்தார். வெறுங்கையோடு வந்து ஒற்றைக்கண் முன்னால் நின்றேன். எங்கள் ஊரில் அது மரியாதைச் சொல் என்று விளக்கினேன். "போகும்போதே எதுக்கு வர்றதப் பத்திப் பேசுறீங்க?" என்று கேட்டாள். "வீட்டுல இருக்கிறவங்க நிம்மதியா தூங்கத்தான்" என்றேன். அவளுக்குப் புரிந்ததா தெரியவில்லை. இமையில்லாத கண்ணில் என்னத்தைப் படிப்பது?

அவள் சொன்ன நிபந்தனை இது. படகோட்டி போகலாம், சமாதானமும் நிற்கும். ஆனால் அந்தச் சொல்லைச் சொன்ன நாக்கு அவர்கள் கரையில்தான் இருக்க வேண்டும், சமாதானம் நீடிக்கும் காலம் முழுவதும். நான் சரி என்றேன். யோசித்துத்தான் சொன்னேன் அக்கா. உன்னைக் கேட்டிருந்தால் உன்னால் எதைச் சொல்லியிருக்க முடியும்? அதனால்தான் கேட்கவில்லை.

நான் திரும்பி வந்தால் சமாதானம் முறிந்துவிட்டது என்று அர்த்தம். அதனால் என்னை எதிர்பார்க்காதே. பருவத்துக்கு ஒரு தரம் இந்தத் திட்டில் கடிதம் வைக்கலாம். அதை அவர்கள் எல்லோர் முன்னாலும் நான் உரக்க, அவர்கள் பாஷையில் படிக்க வேண்டும். ஆகவே நீ எழுதும்போது அந்தச் சொல் வேண்டாம். எந்த வடிவத்திலும் வேண்டாம்.

படகில் ஏறும்போது மாமா பழக்கதோஷத்தில் "போயிட்டு வ—" என்று ஆரம்பித்தார். பாய்ந்துபோய் அவர் வாயைப் பொத்தினேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் அவர் அழுதார்.

நிழல் நீளுகிறது. அவர்கள் எழுந்துவிட்டார்கள்.

அக்கா, போறேன்.

தம்பி


இளவேனில், 9ஆம் நாள்
வீடு

தம்பிக்கு,

உன் மாமா வீடு சேர்ந்தார். முழுசாக, நான் கேட்டபடியே. உன் கடிதத்தை இடுப்பில் கட்டி, வியர்வையில் நன்றாக ஊறப்போட்டு என் கையில் கொடுத்தார். மூன்று நாள் ஒன்றும் பேசவில்லை. நாலாம் நாள் "உப்பு பத்தல" என்றார். அப்போதுதான் எனக்கு மூச்சே திரும்பியது.

தையற்கூடத்தில் மேலங்கி நின்றுபோய்விட்டது. இப்போது படகுப் பாய் தைக்கிறோம். ஊசி உடைவதில்லை. மேற்பார்வைக்காரிக்குக் கத்துவதற்கு ஒன்றுமில்லை, பாவம். எல்லாம் உன்னால்தான் என்று ஊரே சொல்கிறது. கேட்டுக்கொண்டே தைக்கிறேன். பெருமைப்படத்தான் நினைக்கிறேன், முடியவில்லை. உன்னை வேண்டும் என்று சாமியிடம் கேட்கக்கூட எனக்கு வழியில்லையே. கேட்டால் துறை மறுபடி எரிய வேண்டும் என்று கேட்ட மாதிரி ஆகிவிடும்.

அவருக்குத் தைத்த சட்டையை உன் அளவுக்குப் பிடித்துத் தைத்து இத்துடன் வைத்திருக்கிறேன். தோள் கொஞ்சம் தொளதொளவென்று இருக்கும். சாப்பிட்டு உடம்பைத் தேற்றிக்கொள்.

ஒற்றைக்கண் அம்மாவுக்கு ஒரு விஷயம், இதையும் உரக்கவே படி: இவன் காலையில் எழுந்ததும் யாரிடமும் பேசமாட்டான். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். கோபம் என்று நினைத்துவிடாதீர்கள்.

அன்று தெரு முழுக்கக் கேட்கக் கத்தினேனே, அதை விட்டுவிடு. நீ அன்று சொன்ன சொல்லே இருக்கட்டும். இந்தக் கடிதத்தை மூன்று தடவை படித்துப் பார்த்துவிட்டேன். நீ வேண்டாம் என்றது எங்கேயும் இல்லை.

அவர்களுக்குக் கதவு என்றால் என்னவென்றே தெரியாது என்று எழுதியிருந்தாய். அதனால் இதை எழுதலாம் என்று நினைக்கிறேன். நம் வீட்டுக் கதவை நான் தாழ்ப்பாள் போடுவதில்லை. ஏன் என்று உன் மாமா கேட்டார். காற்றுக்கு என்று சொல்லிவிட்டேன்.

அக்கா