வெயிலில் அலையாதீங்க

ஜூன் 8, ஞாயிறு

காலையில் சர்ச்சில் பூசை முடிந்து, கோவில்பதாகையில் இருக்கும் எங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் என் வீட்டுக்காரர் வீடியோவில் வந்தார். அண்டார்டிகாவில் ஜெனரேட்டர் மெக்கானிக். அங்கே மே மாதமே சூரியன் மறைந்துவிட்டது. அடுத்த மாதக் கடைசியில்தான் திரும்ப வருமாம்.

பென்குயின் கதையே பேசினார். பெண் கடலுக்கு இரை தேடப் போய்விடும். ஆண் பென்குயின்கள் முட்டையைக் காலின்மேல் தாங்கிக்கொண்டு, பட்டினியாக, ஒன்றோடொன்று ஒட்டி நிற்குமாம். "ஓரத்துல குளிர்ல நிக்கிறது மெல்ல உள்ள வந்துடும். உள்ள இருந்தது ஓரத்துக்குப் போவும். யாரும் சொல்லத் தேவல," என்றார்.

நீங்க எங்கே நிக்கிறீங்க என்று கேட்கத் தோன்றியது. அதற்குள் குக்கர் விசிலடித்தது. எழுந்த அவசரத்தில், அவர் ஆவடிக்கு வேலைக்குக் கிளம்பும்போது தினமும் சொன்னதையே சொல்லிவிட்டேன்: "வெயில்ல அலையாதீங்க."

அவர் வாய் திறந்தது. கண் மூடியது. படம் அப்படியே நின்றுவிட்டது. ஏனோ அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்தேன். அப்புறம் லைனே போய்விட்டது.

"அப்பா சிரிக்கிறாரு," என்றாள் மகள்.

மாமியார் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். "அழுவுறான்டி எம்புள்ள. நீ இன்னாத்துக்கு அப்டி சொன்ன?"

இப்போதும் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கண்ணோரம் ஈரம் மாதிரி இருக்கிறது. ஆனால் சிரித்தாலும் அவருக்குக் கண்ணில் தண்ணீர் வரும். அங்கே தன்னை இப்படித் திட்டக்கூட ஆள் இல்லையே என்று நினைத்தாரோ. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

நாளைக்குப் பேசும்போது கேட்டுவிடலாம். கேட்டால், சிரித்தேன் என்றுதான் சொல்வார்.